மூளையின் உயிரணுக்கள்

மனித உடலின் உறுப்புக்களுள் தலைமை வாய்ந்தது மூளையே என்பதை இக்காலத்தில் மறுப்பார் இலர். ஆயினும் இவ்வுண்மை எளிதிற் பெறப்பட்டதன்று. கிரேக்க நாட்டுப் பேரறிஞராகிய அரிஸ்டாட்டில், அறிவின் உறைவிடம் இருதயமே என்றும், மூளை இரத்தத்தின் வெப்பத்தைத் தணிக்கும் கருவி என்றும் கருதினார். பண்டை எகிப்தியர் தம் மன்னரின் உடலைப் பதஞ்செய்தபோது இருதயத்தை உடலினுள்ளேயே பேணி வைத்து, மூளையை மூக்கின் வழியாக இழுத்தெடுத்து எறிந்தனர். நாமும் இன்றளவும் மறவாத செய்தி 'நெஞ்சில் நிற்கின்றது' என்றே சொல்லுகின்றோம். அவ்வாறு சொல்லுங்கால் நம் கை தானாகவே மார்பைத் தொடுகின்றதேயன்றித் தலையைத் தொடுவதில்லை.

மூளை எத்தகைய உயிரணுக்களால் ஆயது, அவ்வணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையன என்பவற்றையே நாம் இங்கு ஆராயப் புகுந்தோம். இவ்விரண்டாம் வினாவைப் பற்றி மேனாட்டில் ஒரு பெரும் வழக்கு நிகழ்ந்தது. அதன் முடிவு ஏட்டளவில் நில்லாது நோயாளரின் படுக்கை வரை சென்றதாகலின், அதனையே விரித்துரைக்க விரும்புகின்றோம். அதற்கு முன்னர், மூளையின் பெரும் பகுதிகளைச் சுருங்கக் கூறுதல் இன்றியமையாதது.

வளர்ந்த மனிதனுடைய மூளையின் எடை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் வரை உளது. உயிருள்ள மூளை நுங்கினைப்போல் மென்மையானது; ஆகவேதான் இயற்கை அதனை எலும்புப் பேழையுள் வைத்து, மூன்று சவ்வுகளாற் போர்த்து, தெளிந்த நீரில் மிதக்கவும் விட்டிருக்கின்றது. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள இவ்வுறுப்பு, நாம் வாளா இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே உண்டுவிடுகின்றது. மூளையிற் பத்தில் ஒரு பங்கினையே மனிதர் பயன்படுத்துகின்றனர் என்று மேடைகளிற் சிலர் முழங்கக் கேட்டிருக்கின்றோம். அதற்கு ஆதாரம் யாதும் இல்லை. வேலை செய்யாத ஒன்பது பங்கிற்கு இவ்வளவு உணவிட்டு வளர்க்கும் உடல் எங்குமில்லை.

மூளையுட் பெரியது பெருமூளை. அஃது இடம் வலமென இரு பாதிகளாகப் பிரிந்துளது. அப்பாதிகளைக் கார்ப்பஸ் கலோசம் என்னும் பாலம் இணைக்கின்றது. அப்பாலத்தில் ஏறத்தாழ 20 கோடி இழைகள் உள்ளன. பெருமூளையின் புறத்தே 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள சாம்பல் நிறத் தகடு ஒன்று படர்ந்திருக்கின்றது. இதனைப் புறணி என்பர். இதனை விரித்துப் பரப்பினால் செய்தித்தாளின் ஒரு பக்கத்தளவு ஆகும். சிறிய மண்டையோட்டினுள் அவ்வளவு பெரிய விரிப்பை அடக்க வேண்டின், துணியைக் கசக்கிப் பெட்டியுள் திணிப்பதுபோல் மடித்தே வைத்தல் வேண்டும். மூளையின் மேல் நாம் காணும் மேடுகளும் பள்ளங்களும் அம்மடிப்புக்களே. புறணியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனித் தொழில் உண்டென்பதற்கு நல்ல சான்று 1861-ஆம் ஆண்டிற் கிடைத்தது. பிரெஞ்சு மருத்துவராகிய பால் புரோக்கா, 'டான்' என்னும் ஓரசையன்றி வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒரு நோயாளர் இறந்தபின் அவருடைய மூளையைச் சோதித்து, இடப்பாதியின் முன்புறத்தே ஒரு பகுதி சிதைந்திருக்கக் கண்டார்.

பெருமூளையின் பின்னே, கீழ்ப்புறத்தில், சிறுமூளை அமைந்துளது. நடையின் சீரும், கையின் நிதானமும், உடலின் சமநிலையும் இதனைப் பொறுத்தவை. இவ்விரண்டையும் முதுகுத் தண்டோடு இணைப்பது மூளைத் தண்டு. அதன் கடைப்பகுதியாகிய முகுளமே மூச்சையும் இருதயத் துடிப்பையும் நம்மைக் கேளாமலே நடத்துகின்றது.

இனி உயிரணுக்களுக்கு வருவோம். நுண்பெருக்காடியின் வழியே வெங்காயத் தோலைக் கண்ட மாணவர், உயிருள்ள பொருள்கள் சிறு சிறு அறைகளால் ஆனவை என்பதை அறிவர். தாவரங்களுக்கு ஷ்லைடனும், விலங்குகளுக்கு ஷ்வானும் இக்கொள்கையை 1838, 1839-ஆம் ஆண்டுகளில் நிலைநாட்டினர். தோல், ஈரல், தசை முதலிய யாவும் இக்கொள்கைக்கு உட்பட்டன. மூளை மட்டும் உட்படவில்லை. அதன் துண்டினைப் பெருக்காடியில் வைத்து நோக்கியவர் கண்டது, தொடக்கமும் முடிவும் தெரியாத நூற்சிக்கலையே. உருண்டையான சில உடல்கள் இடையிடையே காணப்பட்டன. அவற்றினின்று எழும் இழைகள் எங்குச் சென்று முடிகின்றன என்பதை ஒருவராலும் பின்தொடர இயலவில்லை. அடர்ந்த மூங்கிற் புதரின் நடுவே நிற்பவன், ஒரு மூங்கிலை அடிமுதல் நுனிவரை கண்ணாற் பற்றிச் செல்ல முடியாதன்றோ? அத்தகையதே அக்காலத்து அறிஞர் நிலை.

இப்புதரினுள் ஒளி புகுந்தது இத்தாலி நாட்டில். மிலான் நகருக்கு அண்மையிலுள்ள அப்பியாதேக்ராசோ என்னும் ஊரில், தீராப் பிணியாளர்க்கென ஏற்பட்ட மருத்துவச்சாலை ஒன்றில் கமில்லோ கொல்ஜி என்பார் மருத்துவராக இருந்தார். ஆராய்ச்சிக்கெனத் தனியிடம் இல்லாமையால் சமையலறை ஒன்றையே அவர் ஆராய்ச்சிச் சாலையாக்கிக் கொண்டார். மூளைத் துண்டினைப் பொட்டாசியம் டைக்குரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்து இறுகச் செய்து, பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டபோது, வியக்கத்தக்கதொரு மாறுதல் நிகழ்ந்தது. பொன்னிறப் பின்னணியில் சிற்சில அணுக்கள் மட்டும், உடலும் கிளைகளும் எஞ்சாமல், மையால் எழுதினாற்போல் கருத்து நின்றன. 1873-ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். நூற்றில் ஒருசில அணுக்களே சாயம் ஏற்பதுதான் இம்முறையின் உயிர்நாடி. எல்லா அணுக்களும் கருத்திருப்பின் கண்முன் நிற்பது கரிய கறை ஒன்றேயாகும். இப்போது புதரில் நூற்றிலொரு மூங்கில் மட்டும் வேர்முதல் நுனிவரை கருநிறம் பெற்றது.

கருமை பெற்ற அணுவின் வடிவம் யாது? நடுவே உடல், அதனுள் கரு. உடலினின்று மரக்கிளைகள்போல் குட்டையாகப் பல இழைகள் பிரிகின்றன. இவற்றைக் கிளையிழைகள் எனலாம். அவற்றினும் வேறாய், மெல்லியதாய், நெடிதாய் ஓர் இழை புறப்படுகின்றது, இஃது அச்சிழை. அச்சிழையின் நீளம் சில அணுக்களில் மில்லிமீட்டரினும் குறைவு. ஆனால் முதுகுத் தண்டின் அடியினின்று காற்பெருவிரல் நோக்கிச் செல்லும் இழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுடல் ஒன்று இத்துணை நெடிய கையை நீட்டுவது வேறெவ்வகை அணுவிலும் காணற்கரியது.

கொல்ஜி தாம் கண்ட அச்சிழைகளின் கிளைகள் ஒன்றோடொன்று கலந்து, உடைவில்லாத ஒரே வலையாகின்றன என்று முடிவுகட்டினார். ஆற்றுநீர் கால்வாய்களுட் பாய்வதுபோல் உணர்ச்சி அவ்வலை முழுவதும் தடையின்றிப் பாயும் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின் தனித்தனி நரம்பணு என்று பேசுவதிற் பொருளில்லை. மூளை முழுவதும் ஒரே பொருள்.

இனி ஸ்பெயின் நாட்டுக்குச் செல்வோம். சந்தியாகோ ராமோன் இ காஹால் என்பவர் 1852-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். ஓவியனாதல் வேண்டுமென்பதே அவருடைய இளமைக்கால ஆசை. மருத்துவராகிய தந்தையாரோ அதற்கு இசையாது, படிப்பிற் கருத்தூன்றாத மகனை ஒருகால் நாவிதரிடமும், மற்றொருகால் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். பின்னர் எலும்புகளை வரையச் சொல்லியே உடற்கூற்று நூலின்பால் அவனைத் திருப்பினார். அவ்வோவியக் கை வீண்போகவில்லை. 1887-ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் கொல்ஜியின் முறைப்படி சாயமேற்றிய துண்டொன்றை முதன்முறையாகக் கண்ட காஹால், எஞ்சிய வாழ்நாளை அதற்கே ஈந்தார் எனலாம்.

கொல்ஜியின் முறையை அவர் இரு வகையிற் செம்மை செய்தார். ஒருமுறை ஏற்றிய சாயத்தை மீண்டும் ஏற்றினார். முதிர்ந்த மூளைகளை விடுத்துக் குஞ்சுகளுடையவும் கருவிலுள்ளனவுமாகிய மூளைகளை எடுத்துக்கொண்டார். முதிர்ந்த மூளையில் அச்சிழைகளின்மேல் கொழுப்புறை போர்த்திருப்பதால் சாயம் செவ்வனே ஏறுவதில்லை. இளமூளையில் அவ்வுறை இன்னும் தோன்றியிராது. 1888-ஆம் ஆண்டிற் பறவைகளின் சிறுமூளையை இவ்வாறு ஆராய்ந்தபோது, அச்சிழைகள் வேறோர் அணுவின் உடலைக் கூடைபோற் சூழ்ந்து சென்று, அங்கேயே முடிவெய்துவதைக் கண்டார். அவை தொடுகின்றன, கலப்பதில்லை. ஒவ்வொரு நரம்பணுவும் தனியோர் உயிர். உணர்ச்சி கிளையிழைகளின் வழியாக உட்புகுந்து அச்சிழையின் வழியாக வெளியேறும் என்பதும் அவர் கொள்கையாயிற்று. ஸ்பானிய மொழியில் எழுதியமையால் அவர் கட்டுரைகளைப் படிப்பார் இலர். அதுபற்றி அவர் சோர்ந்து அமரவில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டு ஒரு சஞ்சிகை நடத்தினார். 1889-ஆம் ஆண்டிற் பெர்லின் நகரில் கூடிய உடற்கூற்றறிஞர் பேரவைக்குத் தம் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து சென்று, ஜெர்மனியின் பெரும்புலவராகிய கெல்லிக்கர் முதலானோர்க்கு நேரிற் காட்டினார். கண்டவர் ஒப்புக்கொண்டனர். 1891-ஆம் ஆண்டில் வால்டயர் என்பார் இத்தனியணுவிற்கு 'நியூரான்' என்று பெயரிட்டார். பெயர் நிலைபெற்றது.

1906-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கொல்ஜிக்கும் காஹாலுக்கும் கூட்டாக அளிக்கப்பட்டது. கருவியைத் தந்தவர் ஒருவர்; அக்கருவியைக்கொண்டே அவர் முடிவை மறுத்தவர் மற்றொருவர். ஸ்டாக்ஹோம் நகரில் முதலிற் பேசிய கொல்ஜி, தம் பேருரை முழுவதையும் நியூரான் கொள்கையைக் கண்டிப்பதற்கே செலவிட்டார். மறுநாட் பேசிய காஹால் அக்கொள்கையை விளக்கினார். ஒரே தகட்டினை நோக்கிய இருவரும் வெவ்வேறு பொருள்களைக் கண்டது எங்ஙனம் என்று வாசகர் வினவலாம். சாயமேறிய இரண்டு இழைகள் ஒன்றன்மேலொன்று கிடக்குமாயின், அவை ஒட்டியனவா, பிரிந்தனவா என்பதை அக்காலத்துப் பெருக்காடி தெளிவாகக் காட்ட வல்லதன்று. எனவே வலையென எண்ணிப் பார்த்தவர்க்கு வலையாயிற்று. காஹாலின் வலிமை கண்ணின் கூர்மையினும், ஒன்றையே நூறு இடங்களிற் பார்த்து வரைந்த பொறுமையில் இருந்தது என்பது எம் கருத்து.

இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இவ்விடத்திற்கு இங்கிலாந்து நாட்டு ஷெரிங்டன் 1897-ஆம் ஆண்டில் 'ஸினாப்ஸ்' என்று பெயரிட்டார். அங்கு உண்மையில் ஓர் இடைவெளி உளதென்பதை 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மின்னணு நுண்பெருக்காடியே கண்காணக் காட்டிற்று. அதன் அகலம், ஒரு மில்லிமீட்டரை ஐம்பதினாயிரமாக வகுத்ததில் ஒரு பங்கு. கொல்ஜி 1926-ஆம் ஆண்டிலும் காஹால் 1934-ஆம் ஆண்டிலும் இறந்துவிட்டமையால் இருவரும் அதனைக் காணப்பெற்றிலர்.

உணர்ச்சி அச்சிழையில் ஓடுவது மின்மாறுதலாக. உப்பின் ஒரு கூறாகிய சோடியத்தின் மின்னேற்ற அணுக்கள் இழையின் சுவரிலுள்ள வாயில்களின் வழியே உட்புகுதலால் அம்மாறுதல் எழுகின்றது. ஓரிடத்து மாறுதல் அடுத்த இடத்தைத் தூண்டி இறுதிவரை செல்கின்றது. தவளையின் நரம்பில் இதன் வேகத்தை 1850-ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்து, நொடிக்கு 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு எனக் கண்டார். மனிதனிடத்தே, கொழுப்புறையுள்ள பருத்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும், உறையில்லா மெல்லிழைகளில் ஒன்றிரண்டு மீட்டருமாக அவ்வேகம் வேறுபடும். ஆனால் இடைவெளியை அடைந்தவுடன் மின்மாறுதல் நின்றுவிடுகின்றது. அப்பால் செய்தி கடப்பது எவ்வாறு?

ஆஸ்திரியா நாட்டு ஆட்டோ லேவி இதற்கு விடை கண்ட வரலாறு சுவையுடையது. சோதனைக்குரிய முறை தமக்குக் கனவிலே தோன்றியதாகவும், நள்ளிரவில் எழுந்து குறித்துவைத்ததைக் காலையிற் படிக்க இயலவில்லையென்றும், மறுநாளிரவு அக்கனவு மீண்டும் வரவே உடனெழுந்து ஆராய்ச்சிச்சாலைக்கு விரைந்ததாகவும் அவரே கூறியுள்ளார். இரு தவளைகளின் இருதயங்களை எடுத்து, ஒன்றன் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளரச் செய்தார். அவ்விருதயத்தில் இருந்த நீரை மற்றதனுள் விட்டார். நரம்பே தீண்டாத அவ்விரண்டாம் இருதயமும் துடிப்புத் தளர்ந்தது. நரம்பின் முனையினின்று ஓர் இரசாயனப் பொருள் சுரந்தமை இதனால் தெளிவாயிற்று. 1921-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வுண்மை பின்னர் மூளைக்கும் பொருந்துவது காணப்பட்டது. மின்னாக வந்த செய்தி இடைவெளியில் இரசாயனமாகி, அக்கரையில் மீண்டும் மின்னாகின்றது.

இவ்விடைவெளியின் பயனை ஒரு நோயினால் விளக்குவோம். இலண்டன் மருத்துவராகிய ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-ஆம் ஆண்டில் விரித்தெழுதிய நடுக்கு நோயில், கை நடுங்கும், உடல் விறைக்கும், எழுந்து நடக்க விரும்பினும் கால் எழாது. மூளைத் தண்டின் மேற்பகுதியில் கருநிறமுடைய அணுத்தொகுதி ஒன்று உளது. இந்நோயில் அவ்வணுக்கள் மடிந்து போகின்றன. அவை தம் அச்சிழை முனைகளிற் சுரப்பது டோபமைன் என்னும் பொருள். வியன்னா நகரில் ஹோர்னிகீவிச் என்பாரும் அவர்தம் துணைவரும், இந்நோயால் இறந்தாருடைய மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதை 1960-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டோபமைனை இரத்தத்திற் செலுத்தினால் அது மூளைக்குட் புகாது. அதன் முன்னிலைப் பொருளாகிய லெவோடோபாவோ புகும். புகுந்தபின் அங்கே டோபமைனாக மாறும். 1961-ஆம் ஆண்டில் அதனை ஊசிவழி பெற்ற நோயாளருட் சிலர், படுக்கையினின்று எழ இயலாதிருந்தவர், எழுந்து நடந்தனர். சில மணி நேரமே அப்பயன் நின்றது. மடிந்த அணுக்களை அம்மருந்து மீட்பதில்லை. நோயும் தன் வழியே முதிர்கின்றது. ஆயினும் இன்றளவும் இந்நோய்க்குத் தலையாய மருந்து அதுவே. அணுக்களினிடையே வெளியொன்று இருத்தலாலன்றோ, ஆங்குக் குறைந்த பொருளை மருத்துவன் புறத்தேயிருந்து அனுப்ப முடிகின்றது?

கொல்ஜிக்கும் நீதி செய்தல் வேண்டும். அணுவும் அணுவும் சிறு குழாய்களால் நேரே இணைந்து மின்னோட்டத்தைத் தடையின்றிக் கடத்தும் இடங்களும் சில உள என்பது 1950-க்குப் பின் நண்டினத்தைச் சார்ந்த ஓர் உயிரில் முதலில் நிறுவப்பட்டது. மனித மூளையிலும் அத்தகையன உண்டு. அவை சிறுபான்மையே. காஹாலின் கொள்கை அதனால் வீழவில்லை. ஆயினும் அவர் எதிரி கண்டது முற்றும் கனவன்று.

இதுகாறும் நரம்பணுக்களையே பேசினோம். மூளையில் வேறோர் இனமும் உளது. 1856-ஆம் ஆண்டில் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய அறிஞர், நரம்பணுக்களை ஒட்டவைக்கும் பசையென்று கருதி அவ்வினத்துக்குக் 'கிளியா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குப் பசை என்பது பொருள். பெயரே அவ்வணுக்களுக்குப் பகையாயிற்று. பசையை ஆராய்வார் யார்? அவற்றுள் விண்மீன் வடிவின சில, இரத்தக் குழாய்க்கும் நரம்பணுவுக்கும் இடைநின்று ஊட்டுகின்றன. இடைவெளிகளிற் சிந்திய இரசாயனங்களையும் வாரியெடுக்கின்றன. வேறு சில, அச்சிழைகளைச் சுற்றிக் கொழுப்புறை நெய்கின்றன. அவ்வுறை சிதையுமாயின் செய்தி தடுமாறிப் பார்வையும் நடையும் கெடும். இன்னும் சில, மடிந்த அணுக்களையும் புகுந்த கிருமிகளையும் விழுங்கும் தோட்டிகள். இப்பின்னிரண்டையும் 1919-ஐ அடுத்த ஆண்டுகளிற் பிரித்தறிந்தவர் காஹாலின் மரபில் வந்த ரீயோ ஒர்தேகா.

இவ்விரு இனத்தின் தொகை எவ்வளவு? நரம்பணுக்கள் பதினாயிரம் கோடி, கிளியா அணுக்கள் அதனிற் பத்து மடங்கு என்று நெடுநாள் நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவந்தன. பிரேசில் நாட்டு அறிஞராகிய சுசானா எர்க்குலானோ ஹூசெல் அம்மையாரும் அவர் குழுவினரும் எண்ணியே பார்க்கத் துணிந்தனர். மூளையை அரைத்து, அணுச்சுவர்கள் கரைய உட்கருக்கள் மட்டும் எஞ்சும்படி கூழாக்கி, நன்கு கலக்கி, சிறுதுளிகளில் உள்ளவற்றை எண்ணித் தொகையைக் கணித்தனர். அரிசிப் பானையில் ஒரு பருக்கையை எடுத்துப் பதம் பார்க்கும் நம் இல்லத்தார்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. கிளியா முதலிய ஏனைய அணுக்களும் ஏறத்தாழ அதே தொகையின. இதனினும் வியப்பு, அவை பகிர்ந்துள்ள வகை. எடையிற் பத்தில் ஒரு பங்கேயுள்ள சிறுமூளையில் 6,900 கோடி நரம்பணுக்கள். பெருமூளைப் புறணியில் 1,600 கோடியே. எஞ்சிய பகுதிகள் எல்லாவற்றினும் சேர்ந்து 100 கோடிக்கும் குறைவு.

தொகை தெரிந்தாலும் தொடர்பு தெரிந்ததாகாது. ஒரு நரம்பணு ஆயிரக்கணக்கான அணுக்களோடு உரையாடுகின்றது. சிறுமூளையிலுள்ள புர்க்கின்யே அணுவோ ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட முனைகளின் செய்தியைப் பெறுவது. இத்தொடர்புகளைப் படமாக எழுதும் வேலை இப்பொழுது பல நாடுகளில் நடைபெறுகின்றது. நம் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி நிலையத்தார், கருவிலுள்ள சிசுக்களின் மூளையை அணுக்கள் புலனாகுமாறு மெல்லிய தகடுகளாக்கிப் படமெடுத்து 2024-ஆம் ஆண்டில் உலகினர்க்கு வழங்கினர். அவ்வாண்டிலேயே ஈயொன்றின் மூளைப்படம் முழுமை பெற்றது. அதில் 1,39,255 நரம்பணுக்கள் எண்ணப்பட்டன.

மனித மூளையிலும் அவ்வேலை தொடங்கியுளது. வலிப்பு நோய்க்காகச் சிகிச்சை செய்தபோது அகற்றப்பட்ட புறணித் துண்டினின்று, எள்ளினும் சிறிதாகிய ஒரு கன மில்லிமீட்டர் அளவினை அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் கூகுள் நிறுவனத்தாரும் எடுத்து, 5,000-க்கு மேற்பட்ட தகடுகளாக அரிந்து, மின்னணுப் பெருக்காடியாற் படமெடுத்தனர். அதன் விவரமும் 2024-ஆம் ஆண்டிற் பதிப்பிக்கப்பட்டது. அச்சிறு துண்டினுள் ஏறத்தாழ 57,000 அணுக்களும் 15 கோடி ஸினாப்ஸ்களும் இருந்தன. பெரும்பாலான அச்சிழைகள் தாம் சந்தித்த அணுவை ஒருமுறையே தொட்டுச் சென்றன. ஒருசில மட்டும் ஒரே அணுவை 50 முறைக்கு மேலும் தொட்டிருந்தன. இப்படங்களைச் சேமிக்க வேண்டிய கணினி இடம் 14 லட்சம் கிகாபைட்டு. மனித மூளையோ அத்தகைய துண்டுகள் பன்னிரண்டு லட்சம் கொண்டது.